சொல்ல வேண்டியவரிடம் சொல்வது: மனநலம், குடும்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் குடும்பநல ஆலோசகராக இருக்கிறேன். 18 வருடமாகிறது. ஒருவர் மட்டும் வருகிற நாளிலும் என் அறையில் நான்கு நாற்காலி கிடக்கும். வந்தவர் பேசத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆவதற்குள் மற்ற மூன்றிலும் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள்: அம்மா, மாமியார், பேசாமல் போன அண்ணன், செத்துப்போன அப்பா. திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உதாரணங்களில் வருகிறவர்கள் யாரும் ஒரு தனி ஆள் இல்லை. யார் வீடு என்று தெரியக்கூடாது என்பதற்காகப் பல வீட்டு விஷயங்களைக் கலந்திருக்கிறேன்.

எனக்கு இருப்பது சாதாரணக் கவலையா, வைத்தியம் பார்க்க வேண்டியதா? எப்படித் தெரிந்துகொள்வது?

“மனசு சரியில்லை” என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. நெஞ்சு படபடப்பு, தலைபாரம், வயிற்றெரிச்சல், கைகால் அசதி என்றுதான் வருவார்கள். கையில் ஒரு தடித்த ஃபைல் இருக்கும். ஈசிஜி, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, எல்லாவற்றிலும் ‘நார்மல்’. அது நடிப்பில்லை. வயிறு எரியுது, நெஞ்சு கனத்துப்போச்சு, ஈரக்குலை நடுங்குது என்று நாம் பேசுகிற பாஷையே துக்கத்தை உடம்பில்தான் வைத்திருக்கிறது.

அதனால் முதலில் வழக்கமாகப் போகிற மருத்துவரிடமே போங்கள். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவையும் இதே சோர்வைக் கொடுக்கும். அவை இல்லை என்று தெரிந்த பிறகு இதைப் பாருங்கள்: நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்து கிடக்கிறதா, பிடித்த விஷயத்தில்கூடப் பிடிப்பு விட்டுப்போயிற்றா, தூக்கமும் பசியும் மாறிவிட்டதா, சமைப்பது, வேலைக்குப் போவது, குளிப்பதுகூட மலையாகத் தெரிகிறதா? இப்படி 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் 2 வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பார்க்க வேண்டும்.

யாரிடம் போவது? மனநல மருத்துவர், உளவியலாளர், கவுன்சிலர், எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மாத்திரை எழுதுவார். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பரிசோதனையும் பேச்சுவழிச் சிகிச்சையும் அவர் வேலை, மாத்திரை எழுத முடியாது. ஆலோசகர் என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்கிறார்கள். என்ன படித்தீர்கள், யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள்.

பணம் ஒரு தடை என்றால் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டை விட்டு நகர முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறேன். யார் பக்கம் நிற்பது?

என்னிடம் அதிகமாக வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் மருமகள் சாம்பார் வைத்து இறக்கியதும் மாமியார் வருவார். கரண்டியால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார். ஒன்றும் பேசாமல் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். தினமும் இதே கதை. மருமகள் ராத்திரி கணவரிடம் அழுவாள். அவர் காலையில் அம்மாவிடம், “அவ சமைக்கிறதுல கை வைக்காதீங்கம்மா” என்பார். அம்மா காதில் அது, “அடுப்படிக்கு வராதே” என்று விழும். அம்மா மகளுக்குப் போன் போடுவார். மகள் தம்பிக்குப் போன் போடுவாள். சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும்போது இரண்டு பேர் முகமும் தூக்கியிருக்கும்.

மூன்றாவது சந்திப்பில் மூவரையும் உட்காரவைத்து மருமகளிடம், இவரைப் பார்த்துச் சொல்லாதீர்கள், அத்தையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பெண்ணுக்கு முதலில் வார்த்தையே வரவில்லை. அப்புறம், “அத்தை, நீங்க உப்பு போடறப்ப, இவளுக்கு ஒண்ணும் தெரியலைன்னு நீங்க நினைக்கிற மாதிரி எனக்கு இருக்கு” என்றாள். அந்த அம்மா முந்தானை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, “எனக்கு நாக்கு மரத்துப்போச்சும்மா. பிரஷர் மாத்திரைய மாத்திக் கொடுத்ததுல இருந்து உப்பே தெரியல. எது வாயில வச்சாலும் மண்ணு மாதிரி இருக்கு” என்றார்.

மகனுக்கு அதுவரை அது தெரியாது. ரத்தக்கொதிப்புக்கான சில மாத்திரைகள் நாக்கின் ருசியைக் கெடுக்கும் என்பது உண்மை. அந்த நோய்க்கு உப்பைக் குறைக்க வேண்டியவர் தினமும் கூட்டிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வருடம் அந்த வீட்டில் உப்பைப் பற்றிப் பேசாத நாளில்லை. ஆனால் அந்த இரண்டு பேர் மட்டும் ஒருவரோடு ஒருவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

முர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை முக்கோணம் என்று சொன்னார். இருவருக்குள் இறுக்கம் தாங்க முடியாமல் போகும்போது மூன்றாவது ஆளை இழுத்துக்கொள்வார்கள். அதனால் அப்போதைக்குப் புழுக்கம் குறையும், பிரச்சினை அப்படியே இருக்கும், மூன்றாவது ஆளுக்குத் தூக்கம் போய்விடும். நம் வீடுகளில் இதற்குத் தூது என்று பெயர் வைக்கலாம். “உங்கம்மாகிட்ட சொல்லி வை”, “அப்பாவைக் கேட்டுப் பாரு”, “அண்ணிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத”. பாசத்துக்குக் குறைவில்லாத குடும்பங்களில்தான் இது அதிகம், நேரில் சொன்னால் மனசு நோகும் என்ற பயத்தில்தான் ஆளனுப்புகிறார்கள்.

ஆகவே யார் பக்கம் என்று கேட்காதீர்கள். தூதுவர் வேலையை ராஜினாமா செய்யுங்கள். மனைவி குறை சொன்னால் முழுதாகக் கேளுங்கள், இடையில் அம்மாவுக்கு வக்காலத்து வாங்காதீர்கள். கேட்டு முடித்த பிறகு, “இதை நீயே அம்மாகிட்ட சொல்லு, நான் பக்கத்துல உட்கார்றேன்” என்று சொல்லுங்கள். அம்மாவிடமும் இதே பதில்தான். உங்கள் சொந்த முடிவுகள் வேறு. தனிக்குடித்தனம், பணம், குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது ஆகியவற்றை உங்கள் அம்மா அப்பாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், “நான் முடிவு பண்ணியிருக்கேன்” என்று. “அவ சொல்றா” என்று தொடங்கினால் அந்தப் பெண்ணை வாழ்நாள் முழுக்க எதிரியாக்கி வைத்துவிடுவீர்கள்.

முதல் ஒரு மாதம் சத்தம் கூடும். பயப்படாதீர்கள்.

சண்டை வந்தால் என் கணவர் நாள்கணக்கில் பேசமாட்டார். இது ஒரு தண்டனையா?

சில பேருக்குத் தண்டனைதான். பல பேருக்கு அது வெள்ளத்தில் மூழ்குவது போன்ற நிலை. தம்பதிகளின் வாக்குவாதத்தைப் பல ஆண்டு ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், சண்டையின்போது இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது மண்டையில் ஏறாது என்கிறார். அந்த நேரத்தில் துரத்தித் துரத்திக் கேட்டால் அவர் இன்னும் மூடிக்கொள்வார்.

இதற்கு ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம், சண்டை இல்லாத நாளில் பேசிவைத்து. ஒருவர் “இப்ப முடியல, எட்டு மணிக்குப் பேசறேன்” என்று நேரம் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். ஆனால் எட்டு மணிக்கு வந்து உட்கார வேண்டியது எழுந்து போனவரின் பொறுப்பு. நேரம் சொல்லாமல் போவதும், சொல்லிவிட்டு வராமல் இருப்பதும்தான் மற்றவரை நோகடிக்கிறது. இன்னொன்று, அந்த மூன்று நாள் மௌனத்தில் குழந்தையிடம் “அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு” என்று அனுப்பாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளை இரண்டு பேர் முகத்தையும் பார்த்துப் பார்த்து வார்த்தையைத் திருத்திச் சொல்லக் கற்றுக்கொள்கிறது. வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகாத எத்தனையோ குழந்தைகள் இப்படித்தான் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

அடிக்கிறார். பெரியவர்கள் பொறுத்துப்போ என்கிறார்கள். இருவரும் சேர்ந்து கவுன்சிலிங் வரலாமா?

மேலே சொன்ன நேருக்கு நேர் பேசும் யோசனை எதுவும் இங்கே பொருந்தாது. அடி இருக்கும் வீட்டில் தம்பதியைச் சேர்த்து உட்காரவைத்து நான் பேசுவதில்லை. இங்கே மனைவி வாய் திறந்து சொன்னதற்கு வீட்டுக்குப் போய் அடி விழும். முதலில் உங்கள் பாதுகாப்பு. 181 பெண்கள் உதவி எண். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் சொல்லவில்லை, வசவு, மிரட்டல், கைச்செலவுக்குப் பணம் தராமல் வைத்திருப்பது எல்லாம் அதில் வரும். வீடு அவர் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தாய்வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பெண் திரும்பி வந்து நின்றால், அன்றைக்கு ராத்திரி சாப்பாடு போட்டுத் தூங்கவிடுங்கள். நியாயம் பேசுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கணவர் குடிக்கிறார். சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பவுடர் வாங்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். அந்தப் பவுடர்களில் டைசல்ஃபிராம் என்ற குடி நிறுத்த மருந்து இருக்கக்கூடும். அது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மருந்தை அவருக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். உயிர் பிழைத்தாலும் உங்கள் கையால் சாப்பிட மாட்டார்.

இன்னொரு ஆபத்து. தினமும் நிறையக் குடிக்கிறவரை ரூமில் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்தவைப்பது. கை நடுக்கத்தில் தொடங்கி, இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் ஆள் தெரியாமல் உளறலாம், இல்லாத பூச்சி ஊர்வதாகச் சொல்லலாம். அவரை மந்திரித்துவிடக் கூட்டிப்போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குடியை ஆஸ்பத்திரியில் நிறுத்துவதே முறை.

குடிக்கிறவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் பாதிதான் நடக்கும். கணவரை இழந்த பிறகு சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையில் குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சைத் திட்டம் வைத்திருக்கிறார்கள். அவர் வேலைக்குப் போகாத நாளில் “காய்ச்சல்” என்று ஆபீசுக்குப் போன் போடுவது, கடன்காரனிடம் நீங்கள் போய்க் கெஞ்சுவது, இதையெல்லாம் நிறுத்துவதற்கே ஒரு மனைவிக்கு ஆறு மாதம் துணை வேண்டியிருக்கிறது. குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டங்களுக்கு, அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும், நீங்கள் போகலாம்.

பிளஸ் டூ படிக்கும் மகன் கதவைச் சாத்திக்கொண்டு போனே கதியென்று கிடக்கிறான். என்ன கேட்டாலும் “ஒண்ணுமில்ல”.

கதவைச் சாத்துவது அந்த வயதின் இயல்பு. நான் கவனிப்பது வேறு: நண்பர்களையும் விட்டுவிட்டானா, விளையாட்டை விட்டானா, ராத்திரி விழித்துப் பகலில் தூங்குகிறானா, குளிப்பது குறைந்ததா, தன் பொருளை யாருக்காவது கொடுக்கிறானா?

நேரே எதிரில் உட்கார்ந்து விசாரித்தால் “ஒண்ணுமில்ல”தான் வரும். பைக்கில் பின்னால் உட்காரவைத்து டீக்கடை வரை போங்கள். முகம் பார்க்கத் தேவையில்லாத இடத்தில் பிள்ளைகள் பேசுவார்கள். பேசும்போது அறிவுரையை விழுங்கிக்கொள்ளுங்கள். “அப்பா வரட்டும், சொல்றேன்” என்ற மிரட்டலும் ஒரு தூதுதான். உங்களுக்கு என்ன பயம் என்பதை அம்மாவாக நீங்களே சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் நேராகக் கேளுங்கள்: “செத்துடலாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலே பலருக்குப் போதுமான அவகாசத்தைக் கொடுக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பில் தன்னார்வலர்கள் செய்வதும் அந்தக் கேட்கும் வேலைதான். “ஆமாம்” என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், நீங்கள் அழுது, அவன் உங்களைத் தேற்றும்படி வைக்காதீர்கள். தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, மாத்திரைகளைக் கைக்கெட்டாத இடத்தில் பூட்டுங்கள். அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பரீட்சை முடிவு நேரத்தில் தமிழக அரசின் 104 உதவி எண்ணிலும் மாணவர்களுக்கு ஆலோசனை கிடைக்கும்.

ஏற்கெனவே எதையாவது செய்துகொண்டுவிட்டால், போலீஸ் கேஸ் ஆகுமே என்று ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கிறது. சிகிச்சை தரும் கடமை அரசுக்கு இருக்கிறது.

தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரை கொடுத்தும் நோய் திரும்பத் திரும்ப வருகிறது. நாங்கள் என்ன தப்பு செய்கிறோம்?

நோயை நீங்கள் வரவழைக்கவில்லை. அதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வளர்ப்பு சரியில்லை என்று உங்கள் அம்மாவை யாராவது குத்திக்காட்டினால் அது தவறு.

ஆனால் வீட்டுச் சூழலுக்கும் நோய் திரும்புவதற்கும் தொடர்பு உண்டு. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து போனவர்களில், பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட வாடகை அறையிலும் அண்ணன் தம்பி வீட்டிலும் தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள். ஏன் என்று தோண்டியபோது மூன்று விஷயங்கள் கிடைத்தன: ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுமீறிய பொத்திப்பொத்தி வளர்ப்பு. பாசமும் அந்த மூன்றாவதில் அடங்கும் என்பதைக் குடும்பங்களிடம் சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருக்கும். முப்பது வயது மகனுக்குச் சோறு ஊட்டிவிடும் அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது? பின்னால் சண்டிகரில் இதே முறையில் ஆராய்ந்தபோது, லண்டனைவிட அங்கே இப்படிப்பட்ட வீடுகள் குறைவு என்று தெரிந்தது. நம் குடும்பங்களிடம் பலம் இருக்கிறது.

அந்தப் பலத்தை நம் மருத்துவர்கள் முன்பே கண்டுகொண்டார்கள். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரம் அடித்து நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்தார். வேலூர் சிஎம்சி 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்குவார், நோயையும் கற்றுக்கொள்வார்.

வீட்டில் செய்யக்கூடியது: “சோம்பேறி” என்று சொல்வதை நிறுத்துங்கள். எழாமல் கிடப்பது பெரும்பாலும் நோயின் பகுதி. ஒரு நாளைக்கு ஒரு வேலை மட்டும் கொடுங்கள், பால் பாக்கெட் வாங்கிவருவது போல. செய்தால் கவனித்ததாகச் சொல்லுங்கள். ஒரே ஆள் இருபத்துநாலு மணி நேரமும் கூட இருக்காமல் முறை போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கும் வெளியே ஒரு மணி நேரம் வேண்டும்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போவதை நான் தடுப்பதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், கட்டிப்போடும் இடத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றி 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. ஒவ்வொருவரையும் யாரோ ஒரு வீட்டார்தான், எப்படியாவது குணமாகிவிட வேண்டும் என்று, பஸ் ஏற்றிக் கூட்டிவந்திருப்பார்கள்.

மாத்திரை சாப்பிட்டால் அடிமையாகிவிடுவோமா?

மனச்சோர்வு மாத்திரைகளுக்கு அடிமையாவதில்லை. பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், அதற்குள் பக்கவிளைவு முந்திக்கொள்ளும், அப்போதுதான் பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். சரியான பிறகும் 6 மாதத்துக்குக் குறையாமல் எடுக்க வேண்டியிருக்கும். நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாக. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கும் தூக்க மாத்திரை வேறு கதை, அது பழகிவிடும்.

நான் சொல்வதை என் வீட்டாரிடம் சொல்லிவிடுவீர்களா?

மாட்டேன். 2017 சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியத்தை உங்கள் உரிமையாக வைத்திருக்கிறது. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்றால் மட்டும் சொல்லியாக வேண்டும். “அவளுக்குத் தெரியாம அவ என்ன சொன்னான்னு சொல்லுங்க மேடம்” என்று வாசலில் நின்று கேட்கும் அண்ணன்மாருக்கும் இதுதான் பதில்.

துபாயிலிருந்து தினமும் போன் பண்ணுகிறேன். அம்மா போனதிலிருந்து அப்பா “நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியா” என்பதைத் தவிர எதுவும் சொல்வதில்லை.

“எப்படி இருக்கீங்க” என்றால் அந்தத் தலைமுறை ஆண்களுக்கு ஒரே பதில்தான் தெரியும். கேள்வியை மாற்றுங்கள். அம்மா வைக்கிற வத்தக்குழம்புக்கு எந்த வத்தல் என்று கேளுங்கள். போனை அலமாரியில் சாய்த்துவைத்துவிட்டு இரண்டு பேரும் அவரவர் சமையலைப் பாருங்கள். அம்மா பெயரைச் சொல்லாமல் பேசினால் அவர் துக்கம் குறையும் என்று நினைத்து நீங்கள் தவிர்க்கிறீர்கள், மகள் அழுவாள் என்று அவர் தவிர்க்கிறார். நீங்கள் முதலில் அழுதுவிட்டால் அவருக்குச் சுலபமாகும்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் விசாரியுங்கள், ஆனால் அதை அப்பாவிடம் மறைக்காதீர்கள். எடை குறைகிறதா, தூங்குகிறாரா, ஷேவிங் செய்துகொள்கிறாரா, பேப்பர் படிக்கிறாரா என்று பாருங்கள். முதியவர்களின் மனச்சோர்வு பல நேரம் மறதி மாதிரியே தெரியும். வயசாயிடுச்சு என்று விட்டுவிடுவோம், வைத்தியம் பார்த்தால் தெளிகிறவர்கள் உண்டு. அடுத்த லீவில் வரும்போது முதல் வாரத்திலேயே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள், கடைசி வாரம் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். நடுவில் அவசரம் என்றால் முதியோர் உதவி எண் 14567. அவரை எங்கே கூட்டிப்போகிறீர்கள் என்பதை அக்கா மூலம் சொல்லி அனுப்பாமல், நீங்களே அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.